பௌர்ணமிக் குப்பை

நவ. 3, திங்கள்

விடிந்ததிலிருந்து தூறல். மலை பாதிக்கு மேல் காணோம், மேகம். வலது மணிக்கட்டு வலி ஜாஸ்தி. மருந்துக் கடைக்காரர் கையில் கட்ட ஒரு பட்டையைக் கொடுத்து, "கைக்கு ரெஸ்ட் குடும்மா" என்றார். கைக்கு ரெஸ்ட் கொடுத்தால் சோறு யார் போடுவது? பட்டை மட்டும் வாங்கி வந்தேன்.

இன்றைய வேலை: கிராஃப் விண்டோவில் மவுஸ், கீபோர்ட் விஷயங்களை ஒழுங்கு செய்வது. மணிக்கட்டு போனதே அதனால்தான்.

மேட்டுத் தெருவுக்கு மேலே மலைச் சரிவில் கம்பம் நட்டு, அதில் ஒரு பெட்டி வைத்திருக்கிறோம். மண் சாய்ந்தால் பெட்டிக்குத் தெரியும், ஆபீஸில் என் விண்டோவில் கோடு ஏறும். சாயாவிட்டால் கோடு படுத்திருக்கும். சாயங்காலம் ரிப்போர்ட். மூன்றே வார்த்தை, ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்: இயல்பு, கவனி, வெளியேற்று. நான் வந்த நாளிலிருந்து எழுதியதெல்லாம் இயல்பு.

பௌர்ணமிதான் தொல்லை. கிரிவலம் வருகிற கூட்டம் கால் வலித்தால் மேட்டில் ஏறி உட்காரும். கம்பத்தில் முதுகைச் சாய்க்கும். ஈரத் துண்டைக் காயப் போடும். போன மாதம் யாரோ கம்பத்துக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்துவிட்டார்கள். ஏழுமலை அண்ணன் (கம்பத்தைப் போய்ப் பார்த்து வருவது அவர் வேலை) சொன்னது: "கற்பூரம் வேற ஏத்தறாங்க கலைம்மா. அடுத்த மாசம் உண்டி வச்சுடுவாங்க, பாரு."

அன்றைக்குக் கோடு தாறுமாறாகக் குதிக்கும். அதனால் ஒவ்வொரு பௌர்ணமிக்கும் அந்த நாட்களை மவுஸால் கட்டம் கட்டி வெட்டி எடுத்துவிடுவது ஆபீஸ் வழக்கம். அதற்குப் பெயரே பௌர்ணமிக் குப்பை. வெட்டியதும் புரோகிராம் இடது பக்கக் கோட்டையும் வலது பக்கக் கோட்டையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்து ஒட்டிவிடும். ஒட்டுப் போட்ட இடமே தெரியாது.

இன்று செய்தது:

— பழைய முறையில் கட்டம் இழுக்கணும், டெலீட் கீ அழுத்தணும், "நிச்சயமா?" என்று ஒரு கேள்வி வரும், என்டர் தட்டணும். எதற்கு இத்தனை கும்பிடு? தூக்கிவிட்டேன். இனிமேல் மவுஸ் பொத்தானை அழுத்தி, இழுத்து, விட்டால் போதும். விட்டதும் வெட்டும், சேமிக்கும்.

— தப்பான இடத்தில் இழுத்துவிட்டால்? பொத்தானைப் பிடித்திருக்கும்போதே மற்ற கையால் எஸ்கேப் கீ. கட்டம் மறைந்துவிடும். பொத்தானை விட்ட பிறகு எஸ்கேப் அழுத்திப் பிரயோஜனம் இல்லை.

— விண்டோவுக்கு வெளியே போய்ப் பொத்தானை விட்டால் புரோகிராமுக்குச் சேதி போகவில்லை. நான் விட்டுவிட்டேன், அது இன்னும் பிடித்திருப்பதாக நினைத்துக்கொண்டு அம்புக்குறி பின்னாலேயே கட்டத்தை இழுத்துக்கொண்டு அலைந்தது. சரிசெய்தாயிற்று. எங்கே விட்டாலும் விட்டதுதான்.

— கீ வேலை செய்யவில்லை என்று ரொம்ப நேரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். விண்டோவின் மேல் முதலில் ஒரு கிளிக் கொடுத்தால்தான் அதற்குக் காது கேட்கும். அதுவரை நான் தட்டியதெல்லாம் பக்கத்தில் திறந்திருந்த மெயிலில் போய் விழுந்திருக்கிறது. சென்னையில் இருக்கும் முதலாளிக்கு ஒரு வரி முழுக்க ம்ம்ம்ம். நல்ல வேளை, அனுப்பவில்லை.

— எம் கீ: கோட்டில் குறி வைக்க. அழுத்தினால், எங்கே வைக்கணும் என்று ஒரு கிளிக்குக்காக விண்டோ காத்திருக்கும். காத்திருக்கும் நேரத்தில் புதுப் புள்ளி எதையும் வரையாது. கோடு நின்ற இடத்திலேயே நிற்கும். இது சரியில்லை. அப்புறம் பார்க்கலாம்.

கடைசி வரிகள் இடது கையால் எழுதியது. கோழி கிளறின மாதிரி இருக்கிறது. பழகிக்கொள்ளத்தான் வேண்டும்.


நவ. 4, செவ்வாய்

மழை. ஆபீஸ் மாடிப்படி வழுக்குகிறது. கீழே மெஸ்ஸில் பொங்கல் தீர்ந்துவிட்டது, பூரிதான். எண்ணெய்.

பழைய மாதத்துக் கோடு ஒன்றை எடுத்து வெட்டிப் பார்த்தேன். அழுத்து, இழு, விடு. பறந்துவிட்டது. ஏழுமலை அண்ணனுக்குச் செய்து காட்டினேன்.

"இன்னாம்மா, கேக்கவே இல்ல? முன்னாடி நிச்சயமான்னு கேக்குமே."

"கேட்டு இன்னாண்ணா ஆவுது? என்னிக்காச்சும் இல்லன்னு சொல்லிருக்கமா?"

"அது கரெக்டு."

மத்தியானம் அக்கா போன். மேட்டுத் தெருவில்தான் அக்கா வீடு, மலையை ஒட்டின கடைசி வீடு, நம் கம்பத்துக்கு நேர் கீழே. சமையல்கட்டுப் பின்சுவரில் விரிசல், பின்கதவு சாத்த வரமாட்டேன் என்கிறதாம். மழைக்கு மரம் ஊதியிருக்கும் என்றேன். "ஒரு தபா உன் கம்ப்யூட்டர்ல பாத்து சொல்லேன்டி" என்றாள். பார்த்தேன். கோடு படுத்திருந்தது. சொன்னேன்.

பின்னாலிருந்து மாமா குரல். "நான்தான் சொன்னேன்ல. நம்ம பொண்ணு அங்க உக்காந்து பாத்துகினு கீது, உனுக்கு இன்னாத்துக்கு பயம்?"

கேட்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அம்மா அப்பா போன பிறகு என்னைப் படிக்க வைத்தது மாமாதான். கிரிவலப் பாதையில் கரும்பு ஜூஸ் மிஷின் தள்ளிய காசில். கம்ப்யூட்டர் படித்த மச்சினிச்சி என்று பாதை முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார். விபூதி விற்கிறவனுக்குக்கூடத் தெரியும்.


நவ. 5, புதன். பௌர்ணமி

ஐப்பசிப் பௌர்ணமி. அன்னாபிஷேகம். மழையிலும் கூட்டம் கம்மியில்லை. பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆபீஸுக்கு நடந்தே வந்தேன். குடை மேல் குடை. பாதி வழியில் ஒரு குடைக் கம்பி கண்ணில் குத்தப் பார்த்தது.

கோடு ஆட்டம் போடுகிறது. விண்டோவைச் சின்னதாக்கி வைத்துவிட்டேன். பார்த்தால் தலைவலி.

ஏழுமலை அண்ணன் கம்பம் வரை போக முடியவில்லை. "மேட்ல ஒரே ஜனம். ஒருத்தர் கம்பத்துல குடைய மாட்டி வச்சிட்டு தூங்கறாரு. எழுப்பினேன். நீ யாருன்னு என்னைக் கேக்கறாரு."

மாமாவுக்கு மழையில் ஜூஸ் ஓடாது. மிஷினுக்குத் தார்ப்பாய் போர்த்தி வீட்டுப் பின்பக்கம் நிறுத்திவிட்டு, சுக்குக் காபி போட்டிருக்கிறார். ஒரு டம்ளர் குடித்துவிட்டு வந்தேன். காரம் தூக்கல். விரிசலை நேரில் பார்க்கணும் என்று நினைத்துக்கொண்டே போனேன். கூட்டத்தில் மறந்துபோய்த் திரும்பிவிட்டேன்.


நவ. 6, வியாழன்

கூட்டம் வடிந்துவிட்டது. மழை இல்லை, இறுக்கம். தெருவெல்லாம் செருப்பு, தொன்னை, பிளாஸ்டிக்.

பௌர்ணமிக் குப்பையை வெட்டினேன். ஒரே இழுப்பு. விட்டேன். கோடு பளிச்சென்று படுத்துக்கொண்டது. மணிக்கட்டு வலிக்கவே இல்லை. ரிப்போர்ட்: இயல்பு.

மறுபடி அக்கா. பின்கதவு இப்போது திறக்கவே வரவில்லையாம், தரையில் வைத்த தவலை தானாக உருளுகிறதாம். நேற்று பூராவும் தூங்காத எரிச்சல் எனக்கு. "தச்சனக் கூப்புடு, என்னை எதுக்குக் கூப்புடற?" என்று கத்திவிட்டேன். அக்கா போனை வைத்துவிட்டாள். அவள் கத்தியிருந்தால் பரவாயில்லை.

ராத்திரி சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் தவலை ஞாபகம். கதவு ஊதும். தவலை ஏன் உருளணும்?


நவ. 7, வெள்ளி

காலையிலிருந்து விடாத மழை.

ஏழுமலை அண்ணன் லேப்டாப்பில் பெட்டியிலிருந்து அப்படியே இறக்கின டேட்டா இருக்கும். யாரும் வெட்டாதது. வாங்கிப் பார்த்தேன்.



மற்ற பௌர்ணமிகளில் கூட்டம் வந்ததும் கோடு குதிக்கும், கூட்டம் போனதும் பழைய இடத்துக்கு இறங்கிவிடும். அப்படித்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். இந்தத் தடவை இறங்கவில்லை. ஏறின இடத்திலேயே நிற்கிறது. மண் சாய்ந்துவிட்டது. நான் கட்டம் கட்டி வெட்டினபோது புரோகிராம் மேலே நின்ற வலது பக்கத்தைக் கீழே இழுத்து இடது பக்கத்தோடு ஒட்டிவிட்டது. அதற்கு அப்படித்தான் சொல்லியிருக்கிறது.

அதோடு நிற்கவில்லை. போன பௌர்ணமியைப் பார்த்தேன். அதிலும் ஒரு சின்னப் படி. அதற்கு முந்தினதிலும். மழை ஆரம்பித்ததிலிருந்து ஒவ்வொரு பௌர்ணமியும் கொஞ்சம் ஏறி, இறங்காமல் நின்றிருக்கிறது. ஒவ்வொன்றையும் என் கையால் வெட்டி மட்டம் செய்திருக்கிறேன். எல்லாவற்றையும் சேர்த்துப் போட்டால் கோடு விண்டோவுக்குள் அடங்கவில்லை.

ஏழுமலை அண்ணன் மெதுவாக, "கம்பம் கொஞ்சம் சாய்ஞ்சாப்ல இருந்துச்சும்மா. ஜனங்க சாய்ஞ்சு சாய்ஞ்சு அப்படி ஆயிடுச்சுன்னு நெனச்சேன். நிமித்தப் பாத்தேன், வரல" என்றார்.

எல்லாரும் ஒரே கிரிவலக் கூட்டத்தைக் காரணம் காட்டிக்கொண்டிருந்திருக்கிறோம்.

சென்னைக்கு, முதலாளி சாருக்குப் போன் செய்தேன். இங்கே எழுதி வைக்கிறேன், அப்புறம் நானே மாற்றிச் சொல்லிக்கொள்ளக் கூடாது.

"கலை, பேனிக் ஆகாத. மண்டே நான் வந்து பாக்கறேன்."

"சார், வெளியேற்றுன்னு போடணும் சார். இன்னிக்கே."

"போட்டா இத்தன நாளா இன்னா புடுங்கினீங்கன்னு கேப்பாங்க. நேத்து இயல்பு, இன்னிக்கு வெளியேற்றா? நடுவுல ஒரு வார்த்தை இருக்கில்ல? கவனின்னு போடு."

"எங்க அக்கா வீடு சார் அது."

"அப்ப அக்காவக் கூட்டிட்டுப் போய் உங்க வீட்ல வச்சுக்கம்மா."

வெளியேற்று என்று எழுதி அனுப்பினேன். அவர் வழியாகத்தானே கவர்மென்டுக்குப் போகிறது. கவனி ஆகியிருக்கும்.

ஏழுமலை அண்ணன் பைக்கில் மேட்டுத் தெரு. ரெண்டு பேரும் வீடு வீடாகக் கதவைத் தட்டினோம். மழையில் தொண்டை கிழியக் கத்தினேன். முதலில் சிரித்தார்கள். எதிர்வீட்டு சரோஜாம்மா, "மூணு நாளு முன்னாடிதான் ஒண்ணியும் இல்லன்னு உங்கக்காகிட்ட சொன்னியாமே?" என்றாள். "தப்பா சொல்லிட்டேன்மா. கால்ல உழறேன், கெளம்புங்க" என்றேன். அந்த வார்த்தைக்குப் பிறகு சிரிக்கவில்லை. சாயங்காலத்துக்குள் பாதிப் பேர் சொந்தக்காரர் வீட்டுக்கு, பாதிப் பேர் கல்யாண மண்டபத்துக்கு.

மாமாதான் அடம். "ஊட்ட உட்டு எங்க போறது? மிஷின் கீது, காஸ் அடுப்பு கீது." அக்கா ஒரு பையில் துணியை அள்ளிக்கொண்டு, "இப்ப வரீங்களா இல்லையா?" என்று ஒரு சத்தம் போட்டாள். வந்துவிட்டார்.

ரெண்டு பேரும் என் ஒண்டுக்குடித்தன அறையில். மாமா வாசல் பக்கம் பாய் போட்டுப் படுத்திருக்கிறார். என்னிடம் கோபம் இல்லை. அதுதான் தாங்கவில்லை. "நீ கரெக்டாதான் கண்டுபுடிச்ச பாப்பா" என்கிறார்.


நவ. 8, சனி. காலை

மழை விட்டிருக்கிறது. லேசாக வெயில்கூட. மாமா எழுந்ததிலிருந்து மிஷின், மிஷின். மோட்டாரில் தண்ணீர் இறங்கினால் போச்சாம், கார்த்திகை தீபத்துக்கு வியாபாரம் போச்சாம். போகக் கூடாது என்று சொல்லிவிட்டு ஆபீஸ் வந்துவிட்டேன். இங்கே உட்கார்ந்து கோட்டைப் பார்ப்பதுதான் இன்றைக்கு என் வேலை. வெட்டாத டேட்டாவோடு விண்டோவைத் திறந்து வைத்திருக்கிறேன். ஏறின இடத்தில் நிற்கிறது, மேலே போகவில்லை.


அதே நாள். இரவு

மாமா போய்விட்டார்.

சரிவு வந்துவிட்டது. கடைசி வீடு மட்டும்தான். பின்பக்கம் மட்டும்தான். மற்ற வீடுகளில் யாரும் இல்லை. எல்லாரும் என்னைக் கையெடுத்துக் கும்பிடுகிறார்கள். நீ சொல்லலைன்னா நாங்க எல்லாம் போயிருப்போம் என்கிறார்கள்.

அக்கா மார்ச்சுவரி வாசலில் தரையில் உட்கார்ந்திருக்கிறாள். எழுந்து வரமாட்டேன் என்கிறாள்.


நவ. 10, திங்கள்

நேற்று அடக்கம் முடிந்தது. மழை இல்லை.

யாரிடமும் சொல்லாததை இங்கே எழுதுகிறேன். எங்கேயாவது இருக்கணும்.

சனிக்கிழமை காலை சாருக்கு அனுப்ப, ஏற்றம் எங்கே ஆரம்பிக்கிறது என்று கோட்டில் ஒரு குறி வைக்க நினைத்தேன். எம் கீ அழுத்தினேன். கிளிக் செய்வதற்குள் ஏழுமலை அண்ணன் டீ கொண்டுவந்தார். குடித்துக்கொண்டே பேசிக்கொண்டிருந்தோம். டீ ஆறிப்போய், அவர் கிளம்பிப் போய், நான் சாருக்கு ஒரு மெயில் எழுதி முடித்தேன். அப்போது மாமா போன்.

"பாப்பா, தெருகிட்ட வந்துட்டேன். ஒரு ஈ காக்கா இல்ல. மழையும் உட்டுச்சு. மிஷின மட்டும் தள்ளிகினு வந்துடறேன். கோடு இன்னா சொல்து?"

திட்டினேன். போகாதீங்க என்றேன்.

"நீ பாத்து சொல்லு. நீ வேணாம்னா திரும்பிடறேன்."

பார்த்தேன். கோடு அசையவில்லை. காலையில் இருந்த இடத்திலேயே நின்றது.

"அப்படியேதான் நிக்குது மாமா. சீக்கிரமா எடுத்துக்கிட்டு வந்துடுங்க."

"சரி பாப்பா."

போன் வைத்த பிறகு விண்டோவைப் பார்த்தேன். கீழ் மூலையில் நேரம் காட்டும் எண் மாறவில்லை. டீ வந்த நேரத்திலேயே நின்றிருந்தது. விண்டோ என் கிளிக்குக்காகக் காத்துக்கொண்டிருந்தது. அத்தனை நேரமும். ஒரு புள்ளியும் வரையாமல்.

கிளிக் செய்தேன். தேங்கிக் கிடந்த புள்ளி எல்லாம் ஒரேயடியாக வந்தது. கோடு நேராக உச்சிக்குப் போயிற்று. நான் மாமாவோடு பேசிக்கொண்டிருந்தபோதே ஏறிக்கொண்டிருந்திருக்கிறது.

போன் போட்டேன். மணி அடித்தது. மறுபடி போட்டேன். அடித்தது. அதற்கப்புறம் தொடர்பு எல்லைக்கு வெளியே என்றாள் அந்தப் பெண்.

திங்கட்கிழமையே தெரியும் எனக்கு. இதே நோட்டில் எழுதியிருக்கிறேன், அப்புறம் பார்க்கலாம் என்று. பாவி.


நவ. 13, வியாழன்

சார் வந்தார். அக்காவுக்குத் துக்கம் விசாரித்தார். மாலை, ஒரு கவர். அக்கா கவரைத் தொடவில்லை.

ஆபீஸில் ஏழுமலை அண்ணனின் லேப்டாப்பை, "செக் பண்ணணும்" என்று எடுத்துப் போய்விட்டார். வெட்டாத டேட்டா இனி என் கம்ப்யூட்டரில் மட்டும்தான். அண்ணன் தடுக்கவில்லை. பெண்ணுக்குத் தையில் கல்யாணம்.

மணிக்கட்டு வலி நின்றுவிட்டது. ஆச்சரியம்.


நவ. 16, ஞாயிறு

அக்கா என் அறையிலேயே. சோறு பிசைந்து வைத்தால் ரெண்டு வாய். கொடியில் மாமாவின் சட்டை ஒன்று காய்கிறது, அன்றைக்கு அவசரத்தில் பையில் வந்தது. துவைத்துத் துவைத்துப் போடுகிறாள்.

இன்று கேட்டாள்.

"சரோஜாம்மா சொல்து, துணி எடுக்க வந்தப்ப தெரு முனைலேர்ந்து பாத்துச்சாம். மாமா போன் பேசிக்கினே உள்ள போனாராம். யார்கிட்டடி பேசினாரு?"

அடுப்பை அணைக்கப் போகிறாற்போல் எழுந்துபோய்விட்டேன். அடுப்பு எரியவில்லை.

மாமாவின் போன் மண்ணுக்குள் போய்விட்டது. என் போனில் அந்த அழைப்பு இருக்கிறது, மாமா என்ற பேரோடு. அழிக்கவும் முடியவில்லை, காட்டவும் முடியவில்லை.


நவ. 20, வியாழன்

தூறல். தீபத்துக்குத் தடுப்புக் கட்டை அடிக்கிறார்கள். ஊரே தீபத்துக்குத் தயாராகிறது. மேட்டுத் தெருக்காரர்கள் ரெண்டு பேர் ஆபீஸுக்கு வந்து எனக்குச் சால்வை போர்த்த வேண்டுமாம். படிக்கட்டிலேயே நிறுத்தித் திட்டி அனுப்பினேன். ஒரு அம்மா அழுதுவிட்டது. அப்புறம் நானும்.

அன்றைய கோட்டை விரித்து விரித்துப் பார்க்கிறேன். மாமா கூப்பிட்ட நேரம் என் போனில் இருக்கிறது. கோட்டில் அந்த நேரத்துக்கு நேராக அம்புக்குறியைக் கொண்டுபோனால், பாதி உயரம் ஏறிவிட்டிருக்கிறது. ஒரு குழந்தை பார்த்தால்கூடப் போகாதே என்று சொல்லும்.


நவ. 23, ஞாயிறு

காரியம் முடிந்தது. அக்காவுக்கு வெள்ளைச் சேலை வேண்டாம் என்று சண்டை போட்டேன், கட்டவில்லை. பந்தியில் யாரோ, "மச்சினிச்சி அவ்ளோ சொல்லியும் கேக்காம போனாரு, தலையெழுத்து" என்றார்கள். அக்கா தலையாட்டினாள்.

மாமா சொன்ன பேச்சைக் கேட்காதவர் ஆகிவிட்டார். செத்தபிறகு அவர் மேலேயே பழி. கேட்டார். கேட்டுக்கொண்டுதான் போனார்.


நவ. 24, திங்கள்

மழை இல்லை. மலை முழுசாகத் தெரிகிறது. கீறல் விழுந்த இடம் சிவப்பாக.

காலையில் சார் போன். சரிவைப் பற்றி விசாரிக்க நாளைக்குக் கவர்மென்ட் ஆட்கள் வருகிறார்களாம்.

"அன்னிக்குக் கம்பமே புடுங்கிட்டு உழுந்துச்சு. உழற கம்பத்தோட டேட்டா குப்பைம்மா. பௌர்ணமியிலேர்ந்து அன்னிக்கு வரைக்கும் ஒரே கட்டமா வெட்டிட்டு அனுப்பு. வழக்கமா பண்றதுதான? யாரும் கேக்க மாட்டாங்க."

"அதுல எல்லாம் தெரியுது சார்."

"அதாம்மா சொல்றேன். உனக்கும் நல்லது."

அவருக்கு என் போன் விஷயம் தெரியாது. தெரியாமலேதான் சொன்னார். ஆனால் சரியாகச் சொன்னார். வெட்டினால் ஒட்டிவிடும். கோடு கடைசி வரை படுத்தே கிடக்கும். நான் மாமாவிடம் சொன்னது நிஜமாகிவிடும்.

டேட்டாவுக்குக் காப்பி ஒன்று எடுத்து வைத்துக்கொண்டு வெட்டலாமே என்று ஏழுமலை அண்ணன் மெதுவாகச் சொன்னார். யோசித்தேன். காப்பி என்னிடம் பத்திரமாக இருக்கும். இருக்கிறது என்கிற தைரியத்தில் அக்காவிடம் சொல்லாமலே காலத்தை ஓட்டிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

விண்டோவைத் திறந்தேன். ஒரு கிளிக். பௌர்ணமிக்கு இடது பக்கம் அம்பை வைத்துப் பொத்தானை அழுத்தினேன். இழுத்தேன். கட்டம் வந்தது. வியாழன், வெள்ளி, சனி. உச்சி வரை போன கோடு மொத்தமும் உள்ளே வந்துவிட்டது.

விட வேண்டியதுதான் பாக்கி. விரல் வரவில்லை.

எத்தனை நேரம் இப்படியே உட்கார்ந்திருந்தேன், தெரியாது. ஏழுமலை அண்ணன் எட்டிப் பார்த்தார். "உடும்மா, சார் கூப்டுகினே கீறார்" என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கதவை ஒருக்களித்துச் சாத்திக்கொண்டு வெளியே போய்விட்டார்.

இடது கையால் போனை எடுத்து அக்காவைக் கூப்பிட்டேன்.

"அக்கா, ஆபீஸுக்கு வா."

"இன்னாடி ஆச்சு?"

"மாமா யார்கிட்ட பேசினாருன்னு கேட்டல்ல. வா, சொல்றேன்."

"தோ வரேன்" என்றாள்.

இதெல்லாம் இடது கையால்தான் எழுதுகிறேன். வலது கை மவுஸில். விரல் மரத்துப்போய்விட்டது, ஆட்டிப் பார்க்கப் பயம். வெளியே இழுத்துப் போய் விட்டாலும் தப்பிக்க முடியாது, நானே சரிசெய்து வைத்திருக்கிறேன். நிச்சயமா என்று கேட்கவும் கேட்காது, அதையும் நானே தூக்கியிருக்கிறேன். எஸ்கேப் ஒன்றுதான் இருக்கிறது. அழுத்தினால் கட்டம் போய்விடும், கோடு அப்படியே நிற்கும். அக்கா பார்ப்பாள். அதற்கப்புறம் என் அறைக்கு வருவாளா, தெரியாது. என்னோடு பேசுவாளா, தெரியாது. எனக்கு அவளை விட்டால் யாரும் இல்லை.

பயமாக இருக்கிறது.

கீழே ஆட்டோ நிற்கிற சத்தம். மெஸ்காரர், "பாத்து ஏறும்மா, வழுக்கும்" என்கிறார். அக்காவின் செருப்பு. படியில் நின்று மூச்சு வாங்கிக்கொள்கிறாள். மறுபடி செருப்புச் சத்தம்.

எஸ்கேப் கீ கீபோர்டின் இடது மூலையில். அதற்கு இந்தக் கை வேண்டும். பேனாவைக் கீழே வைக்கிறேன்.